ஊர்வன தட்டில் பிராந்தி

"கணவர்: வயது ஐம்பத்தேழு. நீண்டகாலக் குடிப்பழக்கம் உள்ளவர். வீட்டில் எட்டு வகை மதுவை இருப்பு வைத்திருக்கிறார். மனைவியின் நலனில் ஒத்துழைக்க மறுக்கிறார்."

பொது மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில், பச்சை அட்டை போட்ட ஒரு கோப்பில், இந்த வரிகள் இன்றும் இருக்கின்றன. எழுதியவர் பொய் எழுதும் ஆள் இல்லை. கேட்டார், பதில் வந்தது, எழுதினார். கையெழுத்துகூட முத்து முத்தாக இருக்கிறது. இருமல் மருந்தில் சாராயம் கலந்திருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து இருமலை இருமியே தீர்த்துக்கொண்டவர் அந்தக் கணவர் என்பது மட்டும் கோப்பில் இல்லை. அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

அவர் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர். மாணவர்கள் வைத்த பெயர் ஜாடிக்காரர். முந்நூற்றுப் பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகள் அவர் பொறுப்பில் இருந்தன. தவளை, ஓணான், தண்ணீர்ப் பாம்பு, வயிறு பிளந்த மீன் என்று எல்லாம் ஸ்பிரிட்டில் மிதந்துகொண்டிருந்தன. ஸ்பிரிட் ஆவியாகும் சரக்கு. மூடியை எவ்வளவு இறுக்கினாலும் மாதம் ஒரு நூல் அளவு இறங்கிவிடும். இறங்கியதை நிரப்புவதும், மூடியில் மெழுகு பூசுவதும், மங்கிய லேபிளை மாற்றுவதும் முப்பத்தொரு வருடமாக அவர் வேலை. ஒரு சொட்டும் குடிக்காதவர் கைவழியாக அந்தத் தெருவில் வேறு யார் கைவழியாகப் போனதைக் காட்டிலும் அதிகமான சாராயம் போயிருந்தது. ஆய்வகச் சுவரில் அவரே எழுதி ஒட்டிய வாசகம் ஒன்று உண்டு: "ஊற்றும் முன் லேபிளைப் படி."

அதை அவர் ஒரே ஒரு முறை மீறினார். மீறியது ஒரே மகனுடைய பாட்டில் விஷயத்தில்.

மகனுக்குச் சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை. முதல் சம்பளத்தன்று செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான்.

"அப்பா, உங்களோட ஒரு வாய். அவ்வளவுதான். அதுக்கப்புறம் நீங்க என்ன திட்டினாலும் கேட்டுக்கறேன்."

"இந்த வீட்டுல அதுக்கெல்லாம் டம்ளர் கிடையாது."

மகன் சிரித்தான். "டம்ளர்தானே? நாளைக்கு நான் வாங்கிட்டு வரேன்."

மறுநாள் காலையில் ஜாடிக்காரர் பாட்டிலைத் தூக்கிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனார். சுற்றியிருந்த செய்தித்தாளைக்கூடப் பிரிக்கவில்லை. கழுத்தைத் திருகி, அளவு குறைந்திருந்த தவளை ஜாடியில் கடைசிச் சொட்டு வரை ஊற்றினார். மாலையில் மகன் வந்தான். கையில் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் வைக்கோலில் பொதிந்த இரண்டு கண்ணாடிக் கிளாஸ்கள்.

"பாட்டில் எங்கப்பா?"

"தவளைக்கு ஊத்திட்டேன்."

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆய்வகத்தில் சொல்லியிருந்தால் பேராசிரியர்கள்கூடச் சிரித்திருப்பார்கள். மகன் பெட்டியை மூடினான். பத்தாம் நாள் கடல் தாண்டிய ஒரு கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். கிளாஸ் பெட்டியையும் எடுத்துக்கொண்டுதான் போனான். தவளையும் தங்கவில்லை. உடலைக் காக்கும் ஸ்பிரிட்டில் பாதி வீரியம்கூட இல்லாத சரக்கு அது. ஜாடி கலங்கி, மூன்று மாதத்தில் தவளை கூழாகிவிட்டது. முப்பத்தொரு வருடத்தில் அவர் கெடுத்த ஒரே தவளை. பேராசிரியர் காரணம் கேட்டபோது, "லேபிள் பாக்காம ஊத்திட்டேன் சார்" என்றார். பேராசிரியர் நம்பவில்லை.

மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்கு அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிடுவான். சரியாகப் பத்தரைக்கு ஜாடிக்காரர் செருப்பை மாட்டிக்கொள்வார். விடுமுறை நாளில் ஜாடிகளைப் பார்க்கப் போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இவர் வீட்டில் இருந்தால் "அப்பாகிட்ட குடுக்கட்டுமா?" என்று அவள் கேட்பாள். மகன் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால்? அந்த ஒரு சொல் காதில் விழாமல் இருப்பதற்காக இரண்டு மைல் நடந்து போய்ப் பாம்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மணிக்குத் திரும்புவார்.

"பேசினானா?"

"பேசினான். உங்களக் கேட்டான்."

"சரி."

இதற்கு மேல் அந்த வீட்டில் அந்த விஷயம் நீண்டதில்லை. ஏழெட்டு மாதம் போனபின் ஒரு ஞாயிறு, செருப்பைக் கழற்றியபடியே கேட்டார்.

"இந்தா பாரு, அவன் என்ன குடிப்பான்னு கொஞ்சம் கேட்டு வை. நான் கேட்டதா சொல்லாத."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். அடுத்த ஞாயிறு சொன்னாள்: "விஸ்கியாம்."

இப்படித்தான் ஊரறிந்த உத்தமர் மதுக்கடை வாசலில் போய் நின்றார். கடையை நடத்தியவர் கழுத்துச் சங்கிலியில் மூக்குக்கண்ணாடி தொங்கவிட்ட பருத்த அம்மாள். வாடிக்கையாளரை முகத்தை வைத்தே எடை போடுவார்.

"என்னண்ணே, காயத்துக்குத் தடவவா?"

"விஸ்கி வேணும். வீட்டுக்கு."

"வீட்டுக்குன்னா? வீடா குடிக்கப் போகுது?"

"பையன் வருவான். அவன் என்ன கேட்டாலும் வீட்டுல இருக்கணும். ஆனா நம்ம சம்பளம் சின்னது தங்கச்சி."

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தொழிலில் மரியாதை உள்ளவர்கள் கேள்வி கேட்பதை அப்போதுதான் நிறுத்துவார்கள்.

"அப்ப அவசரப்படாதீங்க. ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு. அப்படியே குடிக்கிற சரக்கு ரெண்டு மட்டும் கொஞ்சம் நல்லதா இருக்கட்டும், விஸ்கியும் பிராந்தியும். மத்ததெல்லாம் எதையாவது கலந்துதான் குடிப்பாங்க, நடுத்தட்டு போதும். அட்டைப்பெட்டி போட்டு வர்றத வாங்காதீங்க, பெட்டிக்குத்தான் காசு. ரம், வோட்கா, ஜின். அப்புறம் ஆரஞ்சு வாசனையில ஒரு இனிப்பு சரக்கு. கசப்புச் சாறு சின்ன பாட்டில் ஒண்ணு, சொட்டு சொட்டா விடறது, பத்து வருஷம் வரும். கடைசியா ஒரு சிவப்பு ஒயின். அத மட்டும் ஆள் வந்தப்புறம் திறங்க, இல்லேன்னா புளிச்சுப் போயிடும். கிளாஸ் இருக்கா?"

"அது பையன்கிட்ட இருக்கு. கொண்டு வருவான்."

பாட்டிலுக்குக் காசு சேர்க்க, கல்லூரிக்குப் பேருந்தை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். தேர்வுக்காலத்தில் கூடுதல் வேலைக்குக் கிடைக்கும் படி முன்பெல்லாம் வெள்ளையடிக்கப் போகும். இப்போது பாட்டிலுக்குப் போனது, சுவர் அழுக்காகவே இருந்தது. கல்லூரியில் கழித்துக்கட்டிய ஒரு கண்ணாடிக் கதவு அலமாரியை ஏலத்தில் எடுத்துக் கூடத்தில் நிறுத்தினார்.

"ஏங்க, இதுல பாம்பு இருந்துதா?" என்று மனைவி கேட்டாள்.

"கழுவியாச்சு."

"பாம்பயா?"

தட்டுகளில் பித்தளைச் சட்டத்துக்குள் பழைய எழுத்துகள் அப்படியே இருந்தன: மீன்கள், நீர்நில வாழ்வன, ஊர்வன, பறவைகள். அவர் எடுக்கவில்லை. விஸ்கி பறவைகளோடு போனது. பிராந்தியும் ரம்மும் ஊர்வன. வெள்ளைச் சரக்குகள் மீன்கள் தட்டில். நீர்நில வாழ்வன தட்டை மட்டும் காலியாக விட்டு, துடைத்து, வெள்ளைத் தாள் விரித்து வைத்தார். அது இரண்டு கிளாஸ்களுக்கான இடம்.

அலமாரி நிறைய ஒன்றேகால் வருடம் ஆயிற்று. மகனுடைய ருசி அதற்கு ஒத்தாசையாக மாறிக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிறு "இப்ப ரம்முதான் பிடிக்குதாம்" என்பாள் மனைவி. அவர் ரம் வாங்கிவந்த மாதமே "வெயில் ஜாஸ்தியாம், ஜின்னாம்" என்பாள். நிலையில்லாத பிள்ளை என்று அவருக்குக் கொஞ்சம் கவலைகூட வந்தது. எட்டாவதாக ஒயின் வந்த அன்று கடைக்கார அம்மாளிடம் வெற்றியைத் தெரிவிக்கப் போனார்.

"சீல் உடைச்சீங்களா?"

"இல்ல. புதுசா அப்படியே இருக்கு."

"அது வீடு இல்லண்ணே, கடை. வந்த ஆளுக்கு முதல் சீல உடைக்கக் கை கூசும். கொஞ்சம் கொஞ்சம் குறைச்சு வைங்க. இந்த வீட்டுலயும் மனுஷங்க குடிக்கிறாங்கன்னு தெரியணும்."

அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. மகன் வந்து அலமாரியைத் திறக்கும்போது, அப்பாவும் குடிக்கிறார் என்று நினைத்துக்கொள்ளட்டும். அளவுக்குழாயைக் கொண்டுவந்து ஆறு பாட்டிலிலிருந்தும் அறுபது அறுபது மில்லி எடுத்துச் சாக்கடையில் கொட்டினார். விஷயம் கேட்டதும் கடைக்கார அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் கல்லாவைப் பிடித்துக்கொண்டார். "எல்லாத்துலயும் ஒரே அளவு குடிக்கிற குடிகாரன நான் இன்னும் பாக்கலண்ணே." வீட்டுக்கு வந்து மேலும் கீழுமாக மாற்றினார். பழக்கதோஷத்தில், ஒவ்வொரு பாட்டிலிலும் அளவு நிற்கும் இடத்தில் மெல்லிய காகிதத் துண்டு ஒட்டித் தேதியும் போட்டார்.

இரண்டு வாரத்தில் பிராந்தி காகிதத்துக்குக் கீழே இறங்கியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் வீட்டில் இருக்கும் இன்னொரு ஆளை நினைத்திருப்பார்கள். வீட்டில் இருந்ததே இரண்டு பேர். ஜாடிக்காரருக்கு அந்த எண்ணமே எழவில்லை. பாட்டிலில் அளவு இறங்கினால் அது ஆவியாதல். முப்பத்தொரு வருட அனுபவம். மூடியில் மெழுகு பூசினார். அடுத்த வாரம் ரம் இறங்கியது. அலமாரியை ஜன்னலை விட்டுத் தள்ளி நகர்த்தினார். மழைக்காலத்தில் ஆவியாவது குறையவேண்டும், கூடியது. மெழுகு உடைந்திருந்ததைப் பார்த்து மட்டமான மெழுகு என்று கடையை மாற்றினார். குறிப்பேட்டில் தேதிகளை எழுதினார். எல்லாத் தேதிகளும் ஞாயிறாகவே இருந்தன. ஆவிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா என்று ஒரு கணம் யோசித்தார். அப்போதும் மெழுகைத்தான் சந்தேகப்பட்டார்.

ஒரு ஞாயிறு கல்லூரி வாசல் பூட்டியிருந்தது. வர்ணம் பூசும் வேலை. பன்னிரண்டு மணிக்கு முன்பே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கூடத்துக் கதவு பாதி திறந்திருந்தது.

மனைவி அலமாரிக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தொலைபேசி மடியில் இருந்தது. அவள் பேசிக்கொண்டிருக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி தொலைபேசியைப் பார்த்தாள். பிறகு அதை முந்தானையால் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு, எழுந்து, டீ குடிக்கும் டம்ளரில் பிராந்தியை ஊற்றி, மருந்து குடிக்கிற பிள்ளை போலக் கண்ணை மூடி ஒரே மூச்சில் குடித்தாள். மெழுகுவர்த்தியை எடுத்து மூடியைச் சுற்றிச் சொட்டுவிட்டாள். அவர் பூசுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றிருந்தாள். ஆனாலும் அவ்வளவு நேர்த்தி வரவில்லை.

அவர் ஓசைப்படாமல் பின்வாங்கினார். தெருவைச் சுற்றினார். பிறகு இன்னொரு தெருவை. விஸ்கி, ரம், ஜின், வெயில் ஜாஸ்தி, உங்களக் கேட்டான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் அடியில் சத்தமில்லாத ஒரு தொலைபேசி இருந்தது. ஒரு மணிக்கு வாசலில் வழக்கத்தைவிடப் பலமாகத் தொண்டையைக் கனைத்தார்.

"பேசினானா?"

"பேசினான். உங்களக் கேட்டான்."

"சரி."

அன்று சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

பாட்டில்களைக் கொட்டிவிடலாம். ஆனால் அவர் கைக்கு வேறு பாடம் பழக்கம். பல நாள் ஸ்பிரிட்டில் கிடந்த உடலைத் திடீரென்று தண்ணீரில் போட்டால் சதை கிழிந்துவிடும். வீரியத்தைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். எழுபது, ஐம்பது, முப்பது என்று இறக்கி, ஒவ்வொரு படியிலும் காத்திருந்து, கடைசியில்தான் தண்ணீர். எத்தனையோ தவளைகளை அவர் அப்படிப் பத்திரமாக இறக்கிக் கொண்டுவந்திருக்கிறார். அவள் ஞாயிறு காலையில் ஊற்றிக்கொள்வதை அவரால் தடுக்க முடியாது. தடுத்தால் தொலைபேசியைப் பற்றிப் பேசவேண்டியிருக்கும். ஆக, சனிக்கிழமை மாலை அவள் காய்கறி வாங்கப் போன நேரத்தில் வேலையை ஆரம்பித்தார். ஒவ்வொரு பாட்டிலிலும் ஐம்பது மில்லி வெளியே, ஐம்பது மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர் உள்ளே. வோட்காவும் ஜின்னும் தொல்லை தரவில்லை. மற்றவற்றுக்கு நிறம் வெளுக்காமல் இருக்கப் பாலில்லாத டீயும் கருக்கிய சர்க்கரையும். ஆரஞ்சுச் சரக்குக்கு ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தார். வேலை சுத்தம்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிறு மதியம் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையில் கட்டுப் போட்ட டாக்டர் மோந்து பார்த்துவிட்டுச் சமூகநல அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் சின்ன வயதுப் பெண். பச்சைக் கோப்பும் பேனாவுமாக வந்தார்.

"வீட்டுல யார் சார் குடிக்கிறது? அம்மா மேல வாசனை அடிக்குது."

கட்டிலில் கிடந்த மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குறுகியதை அவர் பார்த்தார்.

"நான்தாம்மா. டம்ளரக் கழுவறப்ப அவ மேல கொட்டிடுச்சு."

"என்ன குடிப்பீங்க?"

அவர் பறவைகள் தட்டிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொன்னார். அதிகாரியின் பேனா நடுவில் ஒருமுறை நின்றது.

"எட்டுமா?"

"ஒயின் இன்னும் திறக்கல."

"எத்தன வருஷமா?"

"முப்பத்தொண்ணு." வேறு எண் எதுவும் நாக்கில் தயாராக இல்லை.

"சார், உங்களுக்கு அசிங்கமா இல்ல? இன்னிக்கே வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் கொட்டிடுங்க."

"முடியாதும்மா."

"ஏன் முடியாது?"

"திடீர்னு எடுத்தா கிழிஞ்சிடும்."

அதிகாரி அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு கடைசி வரியை எழுதினார்.

சனிக்கிழமைகள் தொடர்ந்தன; இப்போது அவள் குடித்து இறங்கியதையும் தண்ணீரால் காகிதக் குறி வரை நிரப்பினார். பதினான்கு மாதமாயிற்று. மாதம் ஒருமுறை அந்த அதிகாரி வீட்டுக்கு வருவார், அலமாரியைத் திறந்து பார்ப்பார், அளவு அப்படியே இருப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். தினமும் வாங்கி நிரப்புகிறார் போலிருக்கிறது என்று குறித்துக்கொள்வார். அக்கம்பக்கத்தில் விஷயம் பரவி, தெருமுனையில் நிற்பவர்கள் அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். மதுக்கடைப் பக்கம் போகிற சிலர் புதிதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அப்புறம் ஒரு ஞாயிறு அவர் செருப்பை மாட்டவில்லை.

"போகலையா?" என்றாள் மனைவி.

"இல்ல."

பதினொன்று அடித்தது. தொலைபேசி மேசை மேல் இருந்தது. இருவரும் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்; பதினைந்து நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். அவள் எழுந்துபோய் ஊர்வன தட்டிலிருந்து பிராந்தியை எடுத்து, டம்ளரில் ஊற்றி, பாதி குடித்துவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"நீங்களும் ஒரு வாய் குடிங்க."

முதல் சம்பளத்தன்று மகன் சொன்ன அதே வார்த்தை. அவர் வாங்கிக் குடித்தார்.

"டீத் தண்ணி," என்றாள்.

"ஆமா. எப்ப தெரிஞ்சுது?"

"கை உடைஞ்சு கட்டு பிரிச்ச மாசமே. சர்க்கரைய கொஞ்சம் ஜாஸ்தியா கருக்கிட்டீங்க." டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அன்னிக்கு நான் போதையில விழல. சோப்புலதான் வழுக்கினேன். நீங்க பாட்டுக்குப் பழியத் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டீங்க."

"கேட்டாங்க, சொன்னேன்."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அவள் சொன்னாள், "அவன் கூப்பிடறதில்லங்க."

"தெரியும்."

"போய் அஞ்சாம் மாசமே நிறுத்திட்டான். கடைசியா என்ன சொன்னான் தெரியுமா? அம்மா, அந்த வீட்டுல எனக்கு டம்ளர் இல்லன்னு அப்பாவே சொல்லிட்டாரு, அப்புறம் நான் எங்க வர்றதுன்னான். நான் உங்ககிட்ட எப்படிச் சொல்ல? நீங்க போய் விஸ்கிய வாங்கிட்டு வந்து நிக்கறீங்க."

அவர் தொலைபேசியை எடுத்தார். மகனுடைய எண்ணை அவர் ஒருநாளும் அழுத்தியதில்லை. ஆனால் மனப்பாடமாக இருந்தது. அழுத்தினார். நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மிக மரியாதையாகச் சொன்னது. குரல் முடியும்வரை கேட்டார். மறுபடி அழுத்தினார். அதே மரியாதை. அவள் கையை நீட்டித் தொலைபேசியை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"அலமாரிய என்ன பண்ணலாம்?"

"இருக்கட்டும்."

"வந்தா டீத் தண்ணியக் குடுப்பீங்களா?"

"வந்தா ஒண்ணே ஒண்ணு கேப்பேன்." அலமாரிக் கதவைச் சாத்தினார். "தவளைக்கு ஊத்தினது என்ன பாட்டில்னு."

நீர்நில வாழ்வன தட்டில் வெள்ளைத் தாள் மஞ்சளாகிவிட்டது. அவள் அதை எடுத்துவிட்டுப் புதுத் தாள் விரித்தாள். மகன் வரவில்லை. மருத்துவமனைக் கோப்பில் கடைசிக் குறிப்பாக, "மனைவி முழுமையாகத் தேறிவிட்டார். கணவரின் பழக்கத்தில் மாற்றம் இல்லை" என்று இருக்கிறது.

அவர் தன் வாழ்நாளில் குடித்தது அரை டம்ளர் டீத் தண்ணீர். செய்தது, அறுபது சனிக்கிழமைகள், மனைவி காய்கறி வாங்கப் போன நேரத்தில், ஆறு பாட்டில்களிலிருந்தும் ஐம்பது மில்லி எடுத்துவிட்டு ஐம்பது மில்லி தண்ணீர் ஊற்றியது.